குதிரை மட்டும் ஞாபகம் இருக்கு

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் கோச்சடை வீட்டுக்கு வந்திருந்தாள். காலேஜ் இரண்டாம் வருஷம். மத்தியானம் ஆட்டுக்கறிக் குழம்பை முடித்துவிட்டு வீடே கண் அசந்து கிடக்க, இவள் மட்டும் செல்போனில் மூழ்கியிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நாவல். திடீரென்று தலையைத் தூக்கி ஒரு கேள்வி கேட்டாள்.

‘‘சித்தப்பா, நம்ம கவர்மெண்ட்லயும் இந்த மாதிரி ரகசியமா ஒரு டிபார்ட்மெண்ட் இருக்குமா?’’

எந்த மாதிரி என்று கேட்டேன். கதையைச் சொன்னாள். ஒரு பெண். கண்ணை மூடினால் ஐந்நூறு மைலுக்கு அப்பால் நடக்கும் கொலை தெரிகிறது. யாருமில்லாத அறையில் குரல்கள் கேட்கின்றன. விஷயம் தெரிந்த அரசாங்கம் அவளைக் கண்காணிக்க ஒரு அதிகாரியை அனுப்புகிறது. ஆறடி உயரம், அளவான தாடி, சொந்தமாக ஒரு பழைய சோகம். முதலில் சந்தேகம், அப்புறம் சண்டை, எட்டாவது அத்தியாயத்தில் காதல். கடைசியில் அவளுடைய சக்தியால் ஒரு ஊரே பிழைக்கிறது. கல்யாணம். சுபம்.

‘‘உன் கேள்விக்கு அப்புறமா பதில் சொல்றேன்’’ என்றேன். சொல்லத்தான் இந்த வாரப் பக்கம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரிக் கதைகளைக் கண்டால் மூக்கைச் சுளிக்கிற ஆள் இல்லை நான். க்ரைம் நாவல், மாலைமதி, ராணி முத்து என்று வாடகை லைப்ரரியில் எடுத்து, பி.காம் பரீட்சைக்கு முதல் நாள்கூட அக்கவுண்டன்ஸி புத்தகத்துக்குள் ஒளித்துவைத்துப் படித்தவன். அமானுஷ்யம், காதல், மர்மம் மூன்றும் ஒரே பொட்டலத்தில் கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்? படியுங்கள். என் வழக்கு வேறு.

*

இந்த வகைக் கதைகளுக்கு அமெரிக்காவில் பெரிய சந்தை இருக்கிறது. கே ஹூப்பர் என்ற எழுத்தாளரின் தொடர் நாவல்களில், மனோசக்தி உள்ளவர்களை வைத்தே எஃப்.பி.ஐ. ஒரு தனிப் பிரிவு நடத்துகிறது. கிறிஸ்டீன் ஃபீஹன் 2003-ல் தொடங்கிய ‘கோஸ்ட்வாக்கர்’ வரிசையில் ஒரு விஞ்ஞானி, அநாதைச் சிறுமிகளை வைத்து ரகசியப் பரிசோதனை செய்கிறார். அந்தச் சிறுமிகள் வளர்ந்து, ராணுவ வீரர்களைக் காதலிக்கிறார்கள்.

இவர்கள் முழுக்கவும் ஆகாயத்திலிருந்து கதை விடவில்லை என்பதுதான் வேடிக்கை. அப்படி ஒரு திட்டம் நிஜமாகவே இருந்தது. 1972-ல் கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சி நிறுவனத்தில் ரஸ்ஸல் டார்க், ஹெரால்ட் புட்டாஃப் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் சி.ஐ.ஏ. பணத்தில் ஆரம்பித்தார்கள். உட்கார்ந்த இடத்திலிருந்தே சோவியத் ராணுவ ரகசியங்களை மனக்கண்ணால் பார்க்க முடியுமா என்று ஆராய்ச்சி. பிறகு ராணுவம் மேரிலாந்தில் உள்ள ஃபோர்ட் மீட் முகாமில் இதற்கென ஆட்களை உட்காரவைத்தது. பல பெயர்கள் மாறி, கடைசியில் ‘ஸ்டார்கேட்’ என்று பெயர்.

காமர்ஸ் படித்த புத்தி, உடனே பேலன்ஸ் ஷீட்டைத்தான் தேடும். செலவு, சுமார் 2 கோடி டாலர். காலம், இருபது வருஷத்துக்கும் மேல். வரவு? 1995-ல் ஒரு வெளி ஆய்வு நிறுவனத்திடம் கணக்குப் பார்க்கக் கொடுத்தார்கள். ஜெசிக்கா அட்ஸ் என்ற புள்ளியியல் பேராசிரியை, ‘தற்செயல் என்று தள்ளிவிட முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது’ என்றார். ரே ஹைமன் என்ற உளவியல் பேராசிரியர், ‘நிரூபணம் ஆகவில்லை’ என்றார். இந்தச் சண்டை எப்படிப் போனாலும், ஒரு விஷயத்தில் ஆய்வு தெளிவாக இருந்தது. இத்தனை வருஷத்தில் ஒரே ஒரு உளவு நடவடிக்கைக்குக்கூட இதை நம்பி இறங்கியதில்லை. கடையைச் சாத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் சி.ஐ.ஏ. தன் பழைய ஆவணங்களை இணையத்தில் கொட்டியபோது இதுவும் சேர்ந்து வெளியே வந்தது. ஆக, ரகசியமும் போச்சு, சக்தியும் போச்சு. நாவல்கள் மட்டும் நன்றாக விற்றுக்கொண்டிருக்கின்றன.

*

நம் ஊருக்கு வருவோம். சக்திக்கு நாம் அமெரிக்கா வரை போகவேண்டியதில்லை. சித்தர் இருக்கிறார், ஓலைச்சுவடி இருக்கிறது, வர்மம் இருக்கிறது. கோச்சடையில் மேலக்கால் ரோட்டை ஒட்டி முத்தையா கோயில். ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் அந்தக் குதிரைகளுக்குக் கீழே ராத்திரி பத்து மணிக்குத் தனியாக நின்று பாருங்கள், பகுத்தறிவு கொஞ்சம் ஒதுங்கித்தான் நிற்கும்.

இந்த மண்ணின் பயத்தையும் பக்தியையும் சேர்த்துக் கதை பண்ணுவதில் மன்னர் இந்திரா சௌந்தர்ராஜன். மதுரையிலேயே வாழ்ந்து, 2024 நவம்பரில் மதுரையிலேயே காலமானார். அவர் கதையை வைத்து நாகா இயக்கிய ‘மர்மதேசம்’ தொடர்கள் 1990களின் பிற்பகுதியில் சன் டி.வி.யில் வந்தன. ‘விடாது கருப்பு’ ஓடிய ராத்திரிகளில் எங்கள் தெருவில் நாய் மட்டும்தான் வெளியே இருக்கும்.

இன்றைக்கும் யாரிடமாவது ‘விடாது கருப்பு’ பற்றிக் கேளுங்கள். ‘‘ஐயோ, அந்தக் குதிரை!’’ என்பார்கள். ‘‘அந்த மியூசிக்!’’ என்பார்கள். கதை எங்கே போய் முடிந்தது என்று கேளுங்கள், பாதிப் பேர் விழிப்பார்கள். மர்மத்தின் சாவி, சின்ன வயதில் பட்ட காயத்தால் மனம் இரண்டாகப் பிளந்துபோன ஒரு மனிதனிடம் இருந்தது. அதாவது, அது மனநோய் பற்றிய கதை. எழுதியவர் அதைச் சொல்லித்தான் இருந்தார். நாம்தான் குதிரையை வைத்துக்கொண்டு மிச்சத்தை மறந்துவிட்டோம்.

மறக்கிறதுக்கு நம்மிடம் காரணமும் தயாராக இருக்கிறது. அதன் பெயர் ‘ஒருவேளை’. சுஜாதாவே ‘கொலையுதிர் காலம்’ எழுதும்போது, விஞ்ஞானமா ஆவியா என்று கணேஷையும் வசந்தையும் மோதவிட்டு, முடிவில் ஒரு கதவை லேசாகத் திறந்தேதான் வைத்தார். எழுத்தாளர் என்ற முறையில் அது அவருடைய சாமர்த்தியம், குறை சொல்லமாட்டேன். ஆனால் அந்தக் கதவு வழியாக அப்புறம் என்னென்னவோ நுழைந்துவிட்டது. 2005-ல் ‘சந்திரமுகி’. ரஜினி சாதாரண ஆள் இல்லை, மனநல மருத்துவர். வியாதியைச் சரியாகக் கண்டுபிடிக்கிறார். வைத்தியம்? மந்திரவாதியை வைத்து ஒரு நாடகம். 2011 தீபாவளிக்கு ‘ஏழாம் அறிவு’. சீன அரசாங்கத்தின் ரகசியத் திட்டம், கண்ணால் பார்த்தே ஆளை ஆட்டிவைக்கும் நோக்குவர்மம், நடுவில் காதல். அண்ணன் மகளின் நாவலுக்கு இதைவிடப் பக்கத்துச் சொந்தம் கிடையாது. படம் வந்த புதிதில் டீக்கடைகளில் பையன்கள் ஒருத்தரை ஒருத்தர் முறைத்துப் பார்த்துப் பயிற்சி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

சரி, இதனால் யாருக்கு என்ன நஷ்டம்? கதையைக் கதையா எடுத்துக்க வேண்டியதுதானே சார்?

நஷ்டம் யாருக்கு என்று சொல்கிறேன்.

*

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருந்தார். ‘விடாது கருப்பு’ ஓடிய காலத்தில் அவருக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவர்கள் வீட்டு டி.வி.யில்தான் நாங்கள் பத்துப் பேர் உட்கார்ந்து பார்ப்போம். லைப்ரரியிலிருந்து நாவல் எடுத்து வருவதும் அவர்தான். படித்து முடித்துவிட்டு எங்களுக்குக் கதையாகச் சொல்வார். அவர் சொன்னால் புத்தகத்தைவிட நன்றாக இருக்கும்.

ஒரு மாசி மாதம், அவருக்குக் குரல் கேட்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் பயப்படவில்லை. சந்தோஷப்பட்டார்கள். பிள்ளைக்குக் கருப்பு இறங்கியிருக்கு என்று பேச்சு. செவ்வாய், வெள்ளிகளில் எலுமிச்சம்பழமும் வெற்றிலையுமாகப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். காணாமல் போன நகை, கல்யாணத் தடை, வெளிநாடு போன பையன். அக்கா ஏதோ சொல்வார். பலித்தது ஊரெல்லாம் பரவும், பலிக்காததை யாரும் கணக்கில் எழுதமாட்டார்கள். அந்த அக்காவின் கண்ணில் இருந்த பீதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாவலில் வருகிற பெண்ணுக்கு இருக்கிற மரியாதை அவருக்கும் கிடைத்தது, சரியாக நாலு மாதத்துக்கு.

அப்புறம் அவர் தூங்குவதை நிறுத்தினார். சோற்றில் விஷம் என்றார். ராத்திரி வைகைக் கரைப் பக்கம் ஓடினார். உடனே ஊர் வேறு முடிவுக்கு வந்துவிட்டது. இறங்கினது சாமி இல்லை, பேய். கோடாங்கியைக் கூப்பிட்டார்கள். உடுக்கை, வேப்பங்குழை அடி, மிளகாய்ப் புகை. எதுவும் நடக்கவில்லை. யாரோ சொன்னார்கள் என்று தெற்கே ஒரு ஊரில் கொண்டுபோய் விட்டார்கள். ஊர் பெயர் வேண்டாம். அங்கே காலில் சங்கிலி.

மூன்று வருஷம். அந்தக் குடும்பம் அடகுவைத்த நகை, விற்ற இடம், சொந்தக்காரன் வட்டிக்குக் கொடுத்த பணம் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு பெண்ணின் இருபத்திரண்டிலிருந்து இருபத்தைந்து வரையான வயதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எனக்கு எந்த வாத்தியாரும் சொல்லித்தரவில்லை.

கடைசியில், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்த்த தாய்மாமன்தான் வீட்டில் சண்டை போட்டு, கூட்டிவந்து, பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் காட்டினார். மாத்திரை. சில மாதங்களில் குரல்கள் அடங்கின. மந்திரமும் இல்லை, மாயமும் இல்லை. மாத்திரையை நிறுத்தினால் திரும்ப வரும், நிறுத்தாவிட்டால் வேலைக்குப் போகலாம். அவ்வளவுதான் விஷயம். இந்த வியாதியில் எவ்வளவு சீக்கிரம் சிகிச்சை ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது மருத்துவ உலகத்தில் பால பாடம். எங்கள் தெரு ‘ஒருவேளை, ஒருவேளை’ என்று சொல்லிக்கொண்டே அந்த மூன்று வருஷத்தையும் தின்று தீர்த்தது.

அவர் வீடு திரும்பிக் கொஞ்ச நாளில், 2001 ஆகஸ்ட் 6. விடிகாலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் கருகிச் செத்தார்கள். செய்தியை டி.வி.யில் பார்த்த அந்த அக்காவின் அம்மா ஒன்றுமே பேசவில்லை. மகளின் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, சங்கிலித் தழும்பைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதை நான் பார்த்தேன். அதனால்தான் ‘கதையைக் கதையா எடுத்துக்குங்க’ என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

*

நாவல்தான் கொட்டகைக்குத் தீ வைத்தது என்று சொல்ல நான் முட்டாள் இல்லை. கோடாங்கி நாவல் படித்துவிட்டு உடுக்கையை எடுக்கவில்லை. அச்சு யந்திரம் வருவதற்கு முன்னாலேயே பேயோட்டுவது இங்கே இருந்தது. தடை பண்ணு, கொளுத்து என்ற கூச்சலிலும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆவியையும் அற்புதத்தையும் வாழ்நாள் முழுக்க எதிர்த்து நின்ற ஆபிரகாம் கோவூர், இலங்கையில் இருந்துகொண்டு, மோசடி இல்லாமல் அற்புதம் செய்து காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று 1963-ல் அறிவித்தார். 1978-ல் அவர் இறக்கும்வரை பரிசை யாரும் வாங்கவில்லை. அவரும் கதைகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. தன்னிடம் வந்தவர்களின் கதைகளை எழுதினார். அதிலிருந்துதான் 1973-ல் ‘மறுபிறவி’ என்ற தமிழ்ப் படமே வந்தது.

என் வழக்கு இதுதான். கதையில் குரல் கேட்கிற பெண்ணுக்குச் சக்தி கொடுக்கிறீர்கள், அழகு கொடுக்கிறீர்கள், ஆறடி அதிகாரியைக் கொடுக்கிறீர்கள். நிஜத்தில் குரல் கேட்கிற பெண்ணுக்குக் கிடைப்பது வேப்பங்குழையும் சங்கிலியும். இரண்டுக்கும் நடுவே இருக்கிற பள்ளத்தின் மேல் ‘உண்மைச் சம்பவங்களின் அடிப்படையில்’ என்று ஒரு பலகையைப் போட்டு மூடிவிடுகிறீர்கள். அந்தப் பலகைமேல் கால் வைக்கிறவன் விழுந்துதான் ஆகவேண்டும். ‘விஞ்ஞானிகளே வியக்கும்’ என்று அட்டையில் போடுகிறீர்களே, எந்த விஞ்ஞானி, எந்த ஊர், எந்த வருஷம்? ஸ்டார்கேட்டில் வியந்த விஞ்ஞானிகளின் கதியை மேலே சொல்லியாயிற்று.

ரகசிய அரசாங்கத் திட்டம் என்றால் ஏதோ வீரமும் காதலுமாக இருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இன்னொரு நிஜக் கதை. கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆலன் மெமோரியல் என்ற மனநல மருத்துவமனை. 1950களின் கடைசியில் அங்கே யூவன் கேமரன் என்ற பிரபல டாக்டருக்கு சி.ஐ.ஏ. மறைமுகமாகப் பணம் கொடுத்தது. மனித மனத்தை அழித்துத் திரும்ப எழுத முடியுமா என்று பார்க்கிற ‘எம்.கே. அல்ட்ரா’ திட்டத்தின் ஒரு கிளை. மனச்சோர்வு, பதற்றம் என்று வைத்தியத்துக்கு வந்தவர்களை வாரக்கணக்கில் மருந்து கொடுத்துத் தூங்கவைத்தார்கள். அளவுக்கு மீறி மின்அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரே வாக்கியத்தை டேப்பில் ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிக் கேட்கவைத்தார்கள். குடும்பத்தை மறந்து போனவர்கள் உண்டு. 1973-ல் சி.ஐ.ஏ. தலைமையே இந்தத் திட்டத்தின் கோப்புகளை அழிக்கச் சொன்னது. 1992-ல் கனடா அரசு, பாதிக்கப்பட்டவர்களில் 77 பேருக்குத் தலா ஒரு லட்சம் டாலர் கொடுத்தது. நிஜமான ரகசியத் திட்டத்தில் மனநோயாளி கதாநாயகி இல்லை. சோதனை எலி.

*

இனி, அண்ணன் மகளின் கேள்வி. நம்ம கவர்மெண்ட்லயும் ரகசியமா ஒண்ணு இருக்குமா?

இருக்கும்மா. ரொம்ப ரகசியமா இருக்கு. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் என்று ஆரம்பித்தார்கள். 1996-ல் அதை மாவட்ட மனநலத் திட்டமாகக் கீழே கொண்டுவந்தார்கள். மதுரையிலும் இருக்கிறது. டாக்டர் உண்டு, மாத்திரை உண்டு, காசு கிடையாது. ராணுவம் காவல் காக்கவில்லை, சங்கேத மொழி இல்லை. இருந்தாலும் உன் காலேஜில் நூறு பேரைக் கேட்டுப் பார், எத்தனை பேருக்குத் தெரியும் என்று. நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் நடத்திய தேசிய மனநல ஆய்வு சொல்கிறது: வியாதியைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சைக்கு வெளியே நிற்கிறார்கள். நோக்குவர்மம் தெரிந்த ஊரில் இது தெரியவில்லை.

இன்னும் சில ரகசியங்கள். 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது. 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் ‘டெலி மானஸ்’ என்ற அரசு சேவையில் மனநல ஆலோசகர் பேசுவார். 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது, பைசா செலவில்லை. யாருமில்லாத அறையில் குரல் கேட்கிறது என்று சொன்னால், அங்கே யாரும் சிரிக்கமாட்டார்கள், எலுமிச்சம்பழமும் கேட்கமாட்டார்கள்.

மிகப் பெரிய ரகசியத்தைக் கடைசியாக வைத்திருக்கிறேன். எந்த ஏர்வாடியில் 28 பேர் எரிந்தார்களோ, அதே ஏர்வாடி தர்காவை ஒட்டி அரசு மனநல மருத்துவர்கள் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவரை யாரும் தடுப்பதில்லை. துவா முடித்துவிட்டு வா, மருந்தும் வாங்கிக்கொண்டு போ என்கிறார்கள். சாமியோடு சண்டை போடாமல், சங்கிலியோடு மட்டும் சண்டை போடுகிற புத்திசாலித்தனம். ஒரு பக்கம் நம்பிக்கை, ஒரு பக்கம் விஞ்ஞானம், நடுவில் ஒரு பெண், அவளைக் காப்பாற்ற ஒரு டாக்டர். எழுதத் தெரிந்தவனுக்கு இதில் இல்லாத சஸ்பென்ஸா? காதலும் வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளட்டும், யார் வேண்டாம் என்றது?

எழுத்தாளர்களிடமும் பதிப்பாளர்களிடமும் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பேயை வையுங்கள், சித்தரை வையுங்கள், எஃப்.பி.ஐ.யையே கோச்சடைக்குக் கூட்டிவாருங்கள். அட்டையில் ‘கற்பனை’ என்று தைரியமாகப் போடுங்கள். அந்தப் பெண்ணை யாராவது ஒருவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற ஒரு காட்சியாவது எழுதுங்கள்.

இது என் சொந்த யோசனை இல்லை. எங்கள் தெரு அக்கா இப்போது கல்யாண வீடுகளுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுக்கிறார். மாத்திரை தினமும் உண்டு. நாவல் படிப்பதையும் விடவில்லை. அண்ணன் மகளுக்கு அந்த மாதிரிக் கதைகளை அறிமுகம் செய்ததே அவர்தானாம். இப்பவும் எப்படிக்கா இதையெல்லாம் படிக்க முடியுது என்று ஒருநாள் கேட்டேன். நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்:

‘‘கதை நல்லாத்தான்டா இருக்கு. அந்தப் பிள்ளைக்கு எல்லாம் வாங்கித் தர்றாய்ங்க. மாத்திரை மட்டும் ஒருத்தனும் வாங்கித் தர மாட்டேங்கிறான்.’’